போஸ்னியாக் கடையில் லாத்தாவைப் பெண் பார்த்தது

ஷார்ஜா ரோலாவில் எங்கள் ஊர்க்காரர்கள் கண்ணில் படாமல் ஒரு டீ குடிப்பது நடக்காத காரியம். எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் கல்லாவில் இருப்பவர் யாருக்காவது மச்சானாக இருப்பார். பரோட்டா போடுபவர் யாருக்காவது சாச்சா மகனாக இருப்பார். நாங்கள் எத்தனை பேர் வந்தோம், என்ன தின்றோம், உம்மாவின் முகம் ஏன் வாடியிருந்தது என்பதெல்லாம் நாங்கள் கை கழுவி முடிப்பதற்குள் ராமநாதபுரத்துக் கடற்கரையிலிருக்கும் எங்கள் ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அதனால்தான் என் லாத்தாவை, அதாவது என் அக்காவை, பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்றதும், வாப்பா யோசித்து யோசித்து ஒரு போஸ்னியாக்காரர் சாப்பாட்டுக் கடையைத் தேர்ந்தெடுத்தார். அப்போது எனக்கு எட்டு வயது. லாத்தாவுக்கு இருபது முடிந்திருந்தது.

வீட்டிலேயே வைத்துப் பார்த்திருக்கலாமே என்று தோன்றும். எங்கள் வீடு என்பது பழைய கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடியில் ஒரு ஃபிளாட்டில் பாதி. மீதிப் பாதியில் இன்னொரு குடும்பம் இருந்தது. நடுவில் பிளைவுட் தட்டி. அந்தப் பக்கம் யாராவது தும்மினால் இந்தப் பக்கமிருந்து உம்மா துஆ செய்வாள். லாத்தாவுக்கு முதலில் வந்த சம்பந்தத்தை அங்கே வைத்துத்தான் பேசினார்கள். வந்தவர்கள் சொல்லி அனுப்புகிறோம் என்று போனார்கள், சொல்லி அனுப்பவில்லை. ஆனால் தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து செய்தி ஊருக்குப் போய்விட்டது. பெண்ணிடம் ஏதோ குறை என்று ஊரே முடிவு செய்தது. அதற்குப் பிறகு இரண்டு வருஷம் யாரும் வாயைத் திறந்து கேட்கவில்லை. உம்மா தொழுகைப் பாயில் உட்காரும் நேரம் நீண்டுகொண்டே போனது.

வாப்பா ஒரு மொத்தப் பாத்திரக் கடையில் சேல்ஸ்மேன். போஸ்னியாக் கடைக்கார அம்மா தட்டும் தாம்பாளமும் வாங்க அங்கே வருவார். அவருக்கு அரைகுறை இங்கிலீஷ், வாப்பாவுக்கு அரைகுறை அரபி. இரண்டையும் சேர்த்தால் ஒரு மொழிகூட முழுசாகத் தேறாது. ஆனாலும் பேரம் நன்றாக நடக்கும். ஒருநாள் கடைக்குச் சாப்பிட வாருங்கள் என்று அவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். ரோலாவிலிருந்து கால்மணி நேர நடை. ஒரு சலவைக் கடைக்கும் சாவி வெட்டுகிற கடைக்கும் நடுவில், மொத்தமே ஐந்து மேசை. வாப்பா ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "நம்ம ஆளு ஒருத்தன் இல்ல. தமிழும் இல்ல, மலையாளமும் இல்ல. கம்முனு இருக்கு" என்று உம்மாவிடம் சொன்னார். கடைக்கு அதைவிடப் பெரிய சிறப்பு எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை.

உம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை. "ஹலாலாங்க?" என்றாள்.

"அவுகளும் முஸ்லிம்தான். சலாம் சொன்னா பதில் சொல்றாக."

"முக்காடு போடலயே அந்தப் பொம்பள."

"நீ முக்காட்டையா திங்கப்போறே?"

அதனால் ஒரு வாரம் முன்பே ஒத்திகைக்குப் போனோம். விரல் நீளத்தில் கறியை உருட்டிக் கரியடுப்பில் சுட்டு, உப்பிய ரொட்டியைப் பிளந்து அதற்குள் பத்துப் பத்தாக அடுக்கி, பக்கத்தில் பச்சை வெங்காயத்தை நறுக்கிக் குவித்துக் கொண்டுவந்து வைத்தார்கள். செவாப்பி என்று பெயர். உம்மா ஒன்றைக் கடித்துவிட்டு வெகுநேரம் மென்றாள். "மசாலான்னு ஒண்ணு போடவே இல்லியா?" என்று கேட்டாள். "கறியோட ருசி தெரியணும்னு போடல" என்றார் வாப்பா, ஏதோ அவரே அடுப்பில் நின்று சுட்டது மாதிரி. எனக்கு ரொட்டி பிடித்திருந்தது. அதைவிட, கடைசியில் வந்த காப்பி பிடித்திருந்தது. காப்பியை எனக்குத் தரவில்லை. நீண்ட கைப்பிடி வைத்த செம்புக் குவளையில் கொண்டுவந்து, பிடியில்லாத சின்னஞ்சிறு கோப்பையில் ஊற்றினார்கள். பக்கத்தில் ஒரு கிண்ணம் நிறைய வெள்ளைச் சீனிக் கட்டிகள். அதில் நான்கை யாரும் பார்க்காமல் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

லாத்தா அன்று ரொட்டியைக் கிள்ளிக் கிள்ளித் தட்டிலேயே வைத்திருந்தாள்.

இந்த இடத்தில் எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊரில் பெண் கல்யாணமாகி மாப்பிள்ளை வீட்டுக்குப் போகமாட்டாள். பெண்ணைப் பெற்றவர் அவளுக்கென்று ஒரு வீடு தர வேண்டும். அவள் அங்கே இருப்பாள், மாப்பிள்ளைதான் வந்து போவார். மாப்பிள்ளை வெளிநாட்டில் இருந்தால் வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். வாப்பாவும் அந்த வழக்கத்துக்குக் கட்டுப்பட்டவர்தான். எங்களைப் பாதி ஃபிளாட்டில் அடைத்து வைத்துக்கொண்டு, ஊரில் லாத்தாவுக்காக மாடியோடு ஒரு வீட்டைக் கட்டி முடித்திருந்தார். அதில் யாரும் குடியிருக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் வாரம் ஒருமுறை திறந்து பெருக்கிவிட்டுப் பூட்டுவார்கள்.

லாத்தா ஷார்ஜாவிலேயே பிறந்தவள். பன்னிரண்டாவது முடித்துவிட்டு ஒரு பல் டாக்டர் கிளினிக்கில் ரிசப்ஷனில் இருந்தாள். எந்தப் பஸ் எங்கே போகும் என்பது அவளுக்குத் தெரியும். அரபிக்காரர்களிடம் அரபியிலேயே பேசுவாள். கழுத்தில் தொங்கும் பெயர் அட்டையை வீட்டுக்கு வந்த பிறகும் கொஞ்ச நேரம் கழற்றமாட்டாள். ஊருக்கு லீவில் போனால் மூன்றாம் நாளே டிக்கெட் தேதியை எண்ணத் தொடங்குவாள். அவள் உம்மாவிடம் ஒருமுறை சொன்னதை நானே கேட்டேன். "எனக்கு ஊர்ல இருக்கத் தெரியாதும்மா. அங்க எனக்கு யாரையும் தெரியாது."

"போனாப் பழகிரும்" என்றாள் உம்மா, துணி மடித்துக்கொண்டே. பேச்சு அத்தோடு முடிந்தது.

நான் அதைக் கேட்டேனே தவிர, அதையும் இந்தக் கல்யாணத்தையும் சேர்த்துப் பார்க்கத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் மாப்பிள்ளை துபாயில் இருக்கிறார் என்பதுதான். ரோலாவிலிருந்து துபாய்க்குப் பஸ் போய்க்கொண்டே இருக்கும். அப்படியானால் கல்யாணத்துக்குப் பிறகு லாத்தா துபாயில் இருப்பாள். வெள்ளிக்கிழமை தோறும் பஸ்ஸில் வருவாள். அல்லது நான் போவேன். அங்கே ஒரு தனி ஃபிளாட் இருக்கும், தட்டி இருக்காது. என் வகுப்புத் தோழிகள் இரண்டு பேருக்கு இதையெல்லாம் சொல்லியும் வைத்திருந்தேன். மாப்பிள்ளைக்கு அங்கே ஆறு பேர் தங்கும் ரூமில் ஒரு கட்டில் மட்டும்தான் இருந்தது என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தை யார் வேலை மெனக்கெட்டுச் சொல்வார்கள்? அதனால் அந்தச் சம்பந்தம் எப்படியாவது அமைய வேண்டும் என்று எங்கள் வீட்டில் உம்மாவுக்கு அடுத்தபடி ஆசைப்பட்டது நான்தான்.

வெள்ளிக்கிழமை மாலை அசர் தொழுகை முடிந்து எல்லோரும் கடையில் கூடினோம். மாப்பிள்ளை வரவில்லை, அவருக்கு டியூட்டி. வந்தால்கூட வெளியே காரில்தான் உட்கார வைத்திருப்பார்கள். வந்தது மாப்பிள்ளையின் உம்மாவும், அவரைக் காரில் அழைத்துவந்த மருமகனும்தான். அந்த அம்மா விசிட் விசாவில் வந்து, அஜ்மானில் மகள் வீட்டில் தங்கியிருந்தார். ஆண்கள் ஜன்னலோர மேசையில் உட்கார்ந்தார்கள். பெண்கள் உள்பக்க மேசையில். நான் இரண்டு பக்கமும் போய் வந்துகொண்டிருந்தேன்.

மாப்பிள்ளையின் உம்மா செவாப்பியில் ஒன்றை வாயில் போட்டார். கண்ணை மூடித் திறந்தார். பிறகு கைப்பையைத் திறந்து, பிளாஸ்டிக் கவருக்குள் கவராகச் சுற்றியிருந்த எலுமிச்சை ஊறுகாய் பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தார். உம்மாவும் வெட்கத்தோடு கொஞ்சம் எடுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு பேச்சு சரளமாக வந்தது. லாத்தா யாசீன் மனப்பாடமாக ஓதுவாளா, ஆட்டுக்கறி சமைப்பாளா, இடியாப்பம் பிழிவாளா, வேலைக்குப் போகிறாளாமே, அது எதற்கு என்று அவர் கேட்டுக்கொண்டே போனார். எல்லாக் கேள்வியும் லாத்தாவைப் பார்த்துக் கேட்டது. எல்லாப் பதிலும் உம்மா சொன்னது. லாத்தா தன் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அப்படித்தான் உட்கார வேண்டும் என்று காலையிலிருந்தே சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

சாப்பிட்டு முடிந்ததும் பெண் தன் கையால் காப்பி கொண்டுவந்து தர வேண்டும் என்பது உம்மாவின் ஏற்பாடு. கடையாக இருந்தாலும் முறை முறைதான். வாப்பா இதை முன்கூட்டியே கடைக்கார அம்மாவிடம் தன் கலவை பாஷையில் விளக்கியிருந்தார். "மேடம், மை டாட்டர், காஃபி, ஷீ பிரிங். மேரேஜ் டாக்கிங்." அந்த அம்மா அதைக் கேட்டு நெஞ்சில் கை வைத்துக்கொண்டாராம். "மை கன்ட்ரி, சேம்! சேம்!" என்றாராம். இதை வாப்பா வீட்டுக்கு வந்து எங்களிடம் பெருமையாகச் சொன்னார். உலகம் முழுக்க முஸ்லிம்களுக்கு ஒரே முறைதான் என்றார்.

உம்மா கண்ணைக் காட்டியதும் லாத்தா எழுந்து அடுப்படிக்குள் போனாள். நானும் பின்னாலேயே போனேன். ஆனால் கரியடுப்பின் முன்னால் கடைக்கார அம்மாவின் கணவர் கறியைப் புரட்டிக்கொண்டிருந்தார். பொறி பறப்பதை வேடிக்கை பார்த்தபடி நான் அங்கேயே நின்றுவிட்டேன். நாலடி தள்ளி லாத்தாவும் அந்த அம்மாவும் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை நான் கவனிக்கவில்லை. பல வருஷம் கழித்து லாத்தா சொல்லித்தான் தெரியும்.

அந்த அம்மா செம்புக் குவளையை அடுப்பில் வைத்துவிட்டு, "பையனைப் பார்த்திருக்கிறாயா?" என்று இங்கிலீஷில் கேட்டிருக்கிறார். லாத்தா, போட்டோவில் பார்த்தேன் என்றிருக்கிறாள். "உனக்கு வேண்டுமா?" என்று அடுத்துக் கேட்டிருக்கிறார். இது இரண்டாவது சம்பந்தமாக இருந்தும் அந்தக் கேள்வியை அதுவரை யாரும் லாத்தாவிடம் கேட்டதில்லை. அதனால் அதற்கு எப்படிப் பதில் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்த அம்மா அவளை அவசரப்படுத்தவில்லை. தன் ஊரில், தன் உம்மா காலத்தில், பெண் கேட்டு வருகிறவர்களுக்குப் பெண்தான் காப்பி போடுவாள் என்று சொன்னார். சம்மதம் என்றால் சீனி போட்டுத் தருவாள். இல்லையென்றால் சீனி இல்லாமல் தருவாள். வந்தவர்கள் அதைக் குடித்துவிட்டு, சலாம் சொல்லி எழுந்து போய்விடுவார்கள். ஏன் எதற்கு என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது. யாருக்கும் அவமானம் இல்லை. இவ்வளவும் சொல்லிவிட்டு, சீனிக் கிண்ணத்தை லாத்தாவின் முன்னால் நகர்த்தி வைத்து, அந்த அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

லாத்தா கிண்ணத்தைத் தொடவில்லை. எங்கள் ஆட்களுக்கு இந்த வழக்கமெல்லாம் தெரியாது என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் எங்கள் ஆட்களைப் பற்றி வேறொன்று அவளுக்குத் தெரியும். பெண் கையால் முதன்முதலாக வாங்கிக் குடிப்பது வாயில் வைக்க முடியாமல் கசந்தால், எந்த மாப்பிள்ளையின் உம்மாவும் அதை நல்லதாக எடுத்துக்கொள்ளமாட்டார். மனசுக்குச் சரிப்படவில்லை என்று எழுந்துவிடுவார். பழி காப்பி மேல் போகும், கடை மேல் போகும், மசாலா தெரியாத போஸ்னியா மேல் போகும். வாப்பா மேல் போகாது. பேச வாய் இல்லாத இடத்தில் அவளுக்குக் கிடைத்தது அந்த ஒரு வழிதான். அந்த அம்மா திரும்பிப் பார்த்தார், கிண்ணத்தைப் பார்த்தார், தட்டைத் துடைத்து அதில் காப்பி ஊற்றிய கோப்பைகளை மட்டும் அடுக்கித் தந்தார்.

லாத்தா தட்டோடு வெளியே வந்தாள். முதலில் மாப்பிள்ளையின் உம்மாவுக்கும், பிறகு உம்மாவுக்கும் வைத்துவிட்டு, தலை குனிந்து மேசையோரம் நின்றாள். மாப்பிள்ளையின் உம்மா பிஸ்மி சொல்லி ஒரு வாய் குடித்தார். வேப்பெண்ணெய் புகட்டியது மாதிரி முகம் கோணியது.

"என்ன இது, காப்பியா, கஷாயமா?"

உம்மாவும் அவசரமாக ஒரு வாய் வைத்துப் பார்த்தாள்.

"பொண்ணு கையால மொத மொத வாங்கிக் குடிக்கிறோம். இப்படிக் கசக்குதே" என்றார் அவர், யாரிடமும் இல்லாமல். கோப்பையைத் தள்ளி வைத்தார். ஊறுகாய் பாட்டிலை மூடிக் கவருக்குள் கவராகச் சுற்றிக் கைப்பைக்குள் போட்டார். ஜன்னல் பக்கம் திரும்பி, "மருமவனே, மஃரிபுக்குள்ள அஜ்மான் போயிறணும்ல?" என்றார். மருமகன் கார் சாவியைக் கையில் எடுத்தார். வாப்பா பாதி எழுந்து அப்படியே நின்றார். உம்மாவின் கை மேசைத் துணியைச் சுருட்டிப் பிடித்திருந்தது. இரண்டாவது சம்பந்தமும் போகப்போகிறது என்பது எட்டு வயசுக்காரிக்கே தெரிந்தது.

நான் லாத்தாவைப் பார்த்தேன். அன்று காலையிலிருந்து அவள் முகத்தில் இல்லாத ஒரு நிம்மதி இருந்தது. எனக்கு அதைப் பார்த்துப் பாவமாக இருந்தது. பயத்தில் இவளுக்கு ஒன்றுமே ஓடவில்லை போலிருக்கிறது, நாம்தான் ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைத்தேன். தட்டைப் பார்த்தேன். போன வாரம் இருந்த சீனிக் கிண்ணம் இல்லை. சட்டென்று எல்லாம் புரிந்துவிட்டது எனக்கு.

பக்கத்து மேசையில் ஒரு கிண்ணம் இருந்தது. ஓடிப்போய் ஒரு கைப்பிடி அள்ளிக்கொண்டு வந்து, "லாத்தா சீனி எடுத்துட்டு வர மறந்துட்டா!" என்று கடை முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். மாப்பிள்ளையின் உம்மாவின் கோப்பையில் மூன்று கட்டியைப் போட்டு, முள்கரண்டியின் காம்பால் கலக்கினேன். லாத்தாவின் கை என் தோளில் வந்து விழுந்தது.

"விடு புள்ளே" என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

என்னைத் திட்டப்போகிறார்களோ என்று அவள் பயப்படுவதாக நினைத்து, தைரியமாக இன்னொரு கட்டியையும் போட்டேன்.

மாப்பிள்ளையின் உம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். உடம்பு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். "ஏ அல்லா! இந்தக் கடைக்குட்டிக்கே இம்புட்டு வெவரம்னா, மூத்தவ எப்புடி இருப்பா!" கோப்பையை எடுத்து உறிஞ்சிக் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். என்னை இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டு, உம்மாவைப் பார்த்து, "பயத்துல மறந்துருக்கு. விடுங்க. பயப்படுற புள்ளதான் குடும்பத்துக்கு ஆகும்" என்றார். உம்மா அழுதுகொண்டே சிரித்தாள். மருமகன் சாவியை மறுபடியும் மேசையில் வைத்தார்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. லாத்தாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, கன்னத்தைத் தடவி, "எங்களுக்குப் புடிச்சிருக்கு, பேசி முடிச்சிருவோம்" என்றார் மாப்பிள்ளையின் உம்மா. ஜன்னலோரத்திலிருந்து வாப்பா "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொன்னது கடைக்கு வெளியே கேட்டிருக்கும். யார் காதிலும் விழக் கூடாது என்று இவ்வளவு தூரம் வந்தவர் அவர்தான். பெரிய லீவில் ஊரில் நிக்காஹ் என்று அப்போதே பேச்சானது. நான் மடியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தேன். வாழ்க்கையில் அவ்வளவு பெருமையாக நான் அதற்கு முன்னால் இருந்ததில்லை.

கடைக்கார அம்மா மேசையைத் துடைக்க வந்தார். மாப்பிள்ளையின் உம்மா குடித்த கோப்பையை எடுத்தவர், உடனே தட்டில் வைக்காமல் சாய்த்துப் பார்த்தார். அடியில் காப்பி வண்டலோடு, கரையாத சீனி திட்டுத் திட்டாகக் கிடந்தது. அவர் நிமிர்ந்து லாத்தாவைப் பார்த்தார். பிறகு மேசையைச் சுற்றி வந்து அவளை அப்படியே அணைத்துக்கொண்டார். "யூ சேஞ்ச்? குட்! குட்!" என்று இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார்.

"என்னா சொல்றாக?" என்று வாப்பா என்னிடம் கேட்டார். லாத்தாவை விட்டால் எங்கள் வீட்டில் இங்கிலீஷுக்கு நான்தான் ஆள்.

"லாத்தாவுக்கு வாழ்த்துச் சொல்றாக" என்றேன்.

அவர் உள்ளே போய்த் தன் கணவரைக் கூட்டிவந்தார். அவர் கரிக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து, நெஞ்சில் கை வைத்து லாத்தாவுக்குத் தலை தாழ்த்தினார். பாகில் ஊறிய மாவுப் பலகாரம் ஒரு தட்டு வந்தது. காசு வேண்டாம், மாஃபி, மாஃபி என்று வாப்பாவின் கையைத் தள்ளிவிட்டார்கள். கடைக்கார அம்மா முதல் துண்டை லாத்தாவின் கையில் கொடுத்து, அவள் தின்று முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று பார்த்தார். லாத்தா முழுவதையும் தின்றாள். "தேங்க்யூ" என்றாள். அந்தக் கடையில் அவள் மனசு தெரிந்த ஒரே ஆளுக்கு அதற்குமேல் எதையும் விளக்கிச் சொல்ல அவளுக்கு இடமில்லை. மீதித் தட்டைக் காலி செய்தது நான்தான்.

லாத்தா இதையெல்லாம் எனக்குச் சொன்னது ஊரில், அவள் வீட்டில், நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒரு லீவில் போயிருந்தபோது. அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "ஒரு கைப்பிடிச் சீனியில என்னை இங்க கொண்டாந்து போட்டுட்டே புள்ளே." மச்சான் நல்லவர்தான், ஒரு குறையும் சொல்ல முடியாது. வருஷத்துக்கு முப்பது நாள் வருவார். மற்ற நாளெல்லாம் அவளும் இரண்டு பிள்ளைகளும் அந்த மாடி வீடும்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எட்டு வயசுப் புள்ளைக்கு என்ன தெரியும்? நீ போடலேன்னா உம்மா போட்டிருப்பாக" என்று என்னைத் தேற்றினாள். இருக்கலாம். ஆனால் உம்மா போடவில்லை, நான்தான் போட்டேன்.

அன்று கடையிலிருந்து வீட்டுக்கு நடந்தே திரும்பினோம். வாப்பாவும் உம்மாவும் முன்னால் போனார்கள். அவர்கள் அவ்வளவு நெருங்கி நடந்து நான் பார்த்ததில்லை. நானும் லாத்தாவும் பின்னால். வெயில் இறங்கியும் சிமெண்ட் தரை சுட்டது. நான் விடாமல் பேசிக்கொண்டே வந்தேன். கிண்ணம் இல்லாததை நான் எப்படிக் கண்டுபிடித்தேன், எவ்வளவு வேகமாக ஓடினேன், மாப்பிள்ளையின் உம்மா என்னை எப்படிப் பாராட்டினார் என்று ஒன்று விடாமல் அவளுக்கே திருப்பிச் சொன்னேன். லாத்தா "ம்", "ம்" என்று கேட்டுக்கொண்டு வந்தாள்.

"நான் மட்டும் சீனி போடலேன்னா என்ன ஆயிருக்கும் லாத்தா?" என்றேன், அவள் வாயிலிருந்தும் ஒரு பாராட்டு வந்துவிடும் என்று.

"அவுக எந்திரிச்சுப் போயிருப்பாக."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, நாம நம்ம வீட்டுக்குப் போயிருப்போம்."

"இப்பவும் நம்ம வீட்டுக்குத்தானே போறோம்" என்றேன்.

லாத்தா நின்றுவிட்டாள். முன்னால் வாப்பாவும் உம்மாவும் சிக்னலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். அவளுக்கு வழி பிடிபடவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, "இந்தப் பக்கம் லாத்தா" என்று அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நான் முன்னால் நடந்தேன்.